பாசிமணி வைத்துப் பின்னும் சின்னச் சுருக்குப்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோதிரம், காதணி, நாணயம், சாவி போன்ற சின்னச் சாமான்கள் போட்டு வைக்கிற உள்ளங்கை அளவுப் பை. ஊசியில் பின்னி, பின்னும்போதே மணியையும் சேர்த்து, வாயில் நாடா கோர்த்து இழுத்து மூடுவது. இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே இருக்கின்றன. இரண்டு பைகளுக்கு முழுக் கணக்கும் கொடுத்திருக்கிறேன், ஒன்று தட்டையாகப் பின்னித் தைப்பது, இன்னொன்று சுற்றாகப் பின்னுவது.

எனக்கு நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்கள் மட்டும்தான் தெரியும். இது போதுமா?

போதும். கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றுவது, நிட், பர்ல், இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்னுவது, கடைசியில் கண்ணிகளை மூடுவது, இவ்வளவுதான் வேலை. மணியைச் சேர்ப்பதற்கென்று தனியாக ஒரு கஷ்டமான பின்னல் கிடையாது. சரியான இடத்தில் நூலில் இருக்கும் மணியை ஊசிப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னுவதுதான். இந்த வேலையில் சிரமம் கைத்திறனில் வருவதில்லை, நூலும் மணியும் ஊசியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதால் வருகிறது. அதனால் அடுத்த மூன்று கேள்விகளையும் தாண்டிப் போகாதீர்கள்.

எந்த நூல் வாங்குவது?

வழுவழுப்பான, இறுக்கமாக முறுக்கிய பருத்தி நூல். எம்பிராய்டரிக்குப் பயன்படுத்தும் பேர்ல் காட்டன் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அதில் 5, 8, 12 என்று எண் வரும், எண் கூடக்கூட நூல் மெலிதாகும். முதல் பைக்கு 5-ஆம் எண் எடுங்கள். 10 கிராம் பந்தில் ஏறத்தாழ 45 மீட்டர் இருக்கும், கீழே சொல்லும் பைகளில் எதற்கும் நாடாவையும் சேர்த்து இரண்டு பந்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 8-ஆம் எண்ணில் பின்னினால் பை இன்னும் நுணுக்கமாக வரும், ஆனால் கண்ணுக்கும் பொறுமைக்கும் வேலை அதிகம்.

கம்பளி நூல் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு மணியும் தன் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை நூலின்மேல் உரசிக்கொண்டேதான் போகிறது. கம்பளியில் இழை பிரிந்து பஞ்சு எழும்பும், பாதி வேலையிலேயே நூல் மெலிந்து போகும். அதோடு கம்பளி நெகிழும். மணிக்கு எடை உண்டு, நெகிழ்கிற நூலில் பின்னிய பை ஒரு மாதத்தில் விரல் நீளம் கூடித் தொங்கும். பட்டு நூல் அருமையாக இருக்கும், முறுக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எம்பிராய்டரியில் பிரித்துப் பயன்படுத்தும் ஆறிழை நூல் சரிவராது, ஊசி நுனி ஒவ்வொரு கண்ணியிலும் இழையைப் பிளந்துவிடும்.

மணிப் பொட்டலத்தில் 11/0, 8/0, 6/0 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

மணியின் அளவு. எண் பெரிதானால் மணி சிறிது. 11/0 என்றால் சுமார் 2 மி.மீ., 8/0 சுமார் 3 மி.மீ., 6/0 சுமார் 4 மி.மீ. நூலோடு சேர்த்து யோசித்தால் இப்படி வரும்: 5-ஆம் எண் பேர்ல் காட்டனுக்கு 8/0, 8-ஆம் எண்ணுக்கு 11/0, அதைவிடத் தடித்த சாதாரணப் பருத்திப் பின்னல் நூலுக்கு 6/0.

மணி நூலில் தானாக வழுக்கி ஓடவும் கூடாது, தள்ளும்போது அடம்பிடிக்கவும் கூடாது. நூலைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு மணியை விட்டுப் பாருங்கள். விரலால் மெல்லத் தள்ளினால் நகர்ந்து, விட்டதும் நின்றுவிட்டால் அந்த ஜோடி பொருந்திவிட்டது என்று அர்த்தம்.

ஜப்பானில் செய்யும் மியுகி, டோஹோ மணிகள் ஒரே அளவாக இருக்கும், துளையும் பெரிது. செக் நாட்டு மணிகளில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பெரும்பாலும் நூலில் கோர்த்த சரங்களாகவே கிடைக்கும், அது இந்த வேலைக்குப் பெரிய வசதி (ஏன் என்று கீழே). எந்த மணியானாலும் ஒரு தட்டில் கொட்டி, கோணலாக இருப்பது, துளை ஓரம் உடைந்து கூராக இருப்பது எல்லாவற்றையும் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள். கூரான ஓரமுள்ள ஒரே ஒரு மணி போதும், நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, பை முடிந்து கையில் எடுத்த பிறகு ஓட்டை போட்டுவிடும்.

ஊசி?

5-ஆம் எண் நூலுக்கு 2 மி.மீ., 8-ஆம் எண்ணுக்கு 1.5 அல்லது 1.25 மி.மீ. இரும்பு ஊசியாக இருக்கட்டும், இவ்வளவு மெல்லிய மூங்கில் ஊசி கையிலேயே முறியும். நீங்கள் வழக்கமாகத் தளர்வாகப் பின்னுகிறவர் என்றால் இன்னும் ஒரு அளவு கீழே இறங்குங்கள். பின்னல் இறுக்கமாக இருந்தால்தான் மணி வைத்த இடத்தில் நிற்கும். தொட்டால் துணி மாதிரித் துவளாமல் சற்று விறைப்பாகவே இருக்க வேண்டும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 10 செ.மீ.க்கு 32 கண்ணி என்ற அளவுக்குப் போட்டது. ஒரு சின்ன மாதிரித் துண்டு பின்னி அளந்து பாருங்கள், அதிலும் மணி வைத்தே பின்னுங்கள். மணி இல்லாத துண்டின் அளவு பைக்கு உதவாது.

எத்தனை மணி வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு வரிசைக்கு எத்தனை மணி, மொத்தம் எத்தனை மணி வரிசை, இரண்டையும் பெருக்குங்கள். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள், பொறுக்கி ஒதுக்குவதற்கு அது போகும். எடையாக விற்கும் மணி என்றால் 8/0 ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 40, 11/0 என்றால் கிட்டத்தட்ட 110 வரும்.

எடையையும் அப்போதே பார்த்துவிடுங்கள், பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். 8/0 மணி ஆயிரம் என்றால் 25 கிராம். நூல் மொத்தமே 20 கிராமுக்குள். பையின் எடையில் பாதிக்கு மேல் கண்ணாடி! கீழே வரும் இரண்டு பைகளில் தட்டைப் பைக்கு நெருக்கமாக வைத்தால் 1,425 மணி வேண்டும், சுற்றுப் பைக்கு வெறும் 126 போதும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான். உங்களுக்கு எந்தத் தோற்றம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

எல்லா மணியையும் முன்னாலேயே நூலில் கோர்த்துவிட வேண்டுமா?

ஆமாம், பின்ன ஆரம்பிக்கும் முன்பே. ஆனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கோர்க்க வேண்டியதில்லை. 300, 400 மணிவரை கோர்த்துக்கொள்ளுங்கள், அது தீர்ந்ததும் வரிசையின் ஓரத்தில் நூலை வெட்டி, அடுத்த தொகுதி மணி கோர்த்து, அதே ஓரத்தில் சேருங்கள். ஆயிரக்கணக்கான மணிகளை ஒரே நூலில் இங்கேயும் அங்கேயும் தள்ளிக்கொண்டிருந்தால் நூல் தேய்ந்து நிறம் மங்கிவிடும்.

கோர்க்கும் விதம் இது. பின்னல் நூலை நேராக மணி ஊசியின் காதில் நுழைக்க முடியாது. அதனால் மெல்லிய ஊசியில் தையல் நூல் கோர்த்து, அதன் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு ஒரு வளையமாக்குங்கள். அந்த வளையத்துக்குள் பின்னல் நூலின் முனையை விட்டு ஒரு சாண் நீளத்துக்கு மடித்துவிடுங்கள். இப்போது ஊசியால் மணிகளை அள்ளினால் அவை ஊசியிலிருந்து தையல் நூலுக்கும், அங்கிருந்து மடிந்த பின்னல் நூலுக்கும் இறங்கும். அந்த மடிப்பில் நூல் இரட்டையாக இருக்கும், சில மணி அங்கே முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கிற மணியை வற்புறுத்தாமல் எடுத்துப் போட்டுவிடுங்கள், துளை சின்னது என்று அது முன்கூட்டியே சொல்லிவிட்டது. இன்னொரு வழி, நூல் முனையில் இரண்டு அங்குலத்துக்கு நகப்பூச்சு தடவிக் காயவைத்து, சாய்வாக வெட்டி, அதையே ஊசியாகப் பயன்படுத்துவது.

சரமாகக் கிடைக்கும் மணி என்றால் வேலை பாதி. சரத்தின் நூல் முனையால் பின்னல் நூலைச் சுற்றி ஒரு சின்ன முடிச்சு இறுக்கி, மணிகளை அப்படியே முடிச்சின்மேல் தள்ளிப் பின்னல் நூலுக்கு மாற்றிவிடலாம்.

பின்னும்போது 20, 25 மணி மட்டும் கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மீதியைப் பந்துப் பக்கமாகத் தள்ளிவையுங்கள்.

கோர்க்காமலே மணி வைக்க முடியாதா?

முடியும். 0.6 அல்லது 0.75 மி.மீ. இரும்புக் குரோஷே ஊசியில் ஒரு மணியை ஏற்றி, இடது ஊசியில் இருக்கும் கண்ணியைக் கொக்கியில் மாட்டி மணிக்குள் இழுத்து, கண்ணியை மறுபடி ஊசியில் வைத்துப் பின்ன வேண்டும். நூல் உரசலே இல்லை, எந்த நிறம் எங்கே என்று போகிற போக்கில் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் மணிக்குள் நூல் இரட்டையாகப் போவதால் பெரிய துளை வேண்டும், 6/0 என்றால் நிம்மதி. ஒவ்வொரு மணிக்கும் ஊசியை வைத்துவிட்டுக் கொக்கியை எடுப்பதால் நேரம் பிடிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி வைக்கிற பைக்கு நல்ல வழி, நெருக்கமாக வைக்கிற பைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் பை எப்படிப் பின்னுவது? எளிதானது சொல்லுங்கள்.

தட்டையான கார்ட்டர் பை. எல்லா வரிசையும் நிட், பர்ல் கிடையவே கிடையாது. நீளமாக ஒரு துண்டு பின்னி, நடுவில் மடித்து, இரண்டு ஓரமும் தைத்தால் பை.

இதில் ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும். நிட் பின்னும்போது நூல் பின்னலுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே இரண்டு கண்ணிகளுக்கு நடுவே தள்ளிவிடும் மணி உங்களுக்கு மறுபக்கத்தில் போய் உட்காரும். பையின் உள்பக்கம் உங்களைப் பார்த்திருக்கிற வரிசையில் மணி வைத்தால்தான் அது வெளிப்பக்கத்தில் வரும். பின்னுகிறவருக்கு மணி தெரியவே தெரியாது, ஊசியைத் திருப்பியதும்தான் முழு வரிசையும் மின்னும்.

28 கண்ணி ஏற்றுங்கள். 16 வரிசை சும்மா நிட், இது நாடாவுக்கு மேலே வரும் கொசுவப் பகுதி. 17-ஆவது வரிசை நாடா ஓட்டைக்கு: 2 நிட், அப்புறம் (2 கண்ணியை ஒன்றாகப் பின்னி, நூலை ஊசிமேல் ஒரு சுற்று சுற்றி, 5 நிட்) என்பதை மூன்று முறை, மறுபடி 2 கண்ணியை ஒன்றாக, நூலை ஒரு சுற்று, 3 நிட். நான்கு ஓட்டை வரும், கண்ணி எண்ணிக்கை 28-ஆகவே இருக்கும். மடித்துத் தைத்த பிறகும் ஓட்டைகள் சுற்றிலும் சம இடைவெளியில் நிற்கும்படி கணக்குப் போட்டது இது, மாற்றாதீர்கள்.

அடுத்து 6 வரிசை மணி இல்லாமல். 24-ஆவது வரிசையில் மணி ஆரம்பம், அப்போது உள்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். 2 நிட், அப்புறம் (ஒரு மணியை ஊசி ஒட்டித் தள்ளி 1 நிட்) என்று 24 முறை, இன்னும் ஒரு மணி, 2 நிட். ஆக வரிசைக்கு 25 மணி. ஓரத்து இரண்டு கண்ணிகளில் மணி வராது, தையலுக்கு அந்த இடம் வேண்டும். திரும்பி வரும் வரிசை சும்மா நிட். இந்த இரண்டு வரிசையையும் திருப்பித் திருப்பிப் பின்னி, மணிப் பகுதி 18 செ.மீ. வந்ததும் நிறுத்துங்கள், சுமார் 57 மணி வரிசை இருக்கும். ஒரு மணி வரிசை விட்டு ஒன்று என்று வைத்தால் சுமார் 725 மணி போதும், எடையும் 18 கிராமோடு நிற்கும். முதல் பைக்கு அதுவே அழகு என்று சொல்வேன், நூலின் நிறமும் தெரியும்.

பிறகு தொடக்கத்தில் செய்ததை மறுபக்கமாகச் செய்யுங்கள்: 6 வரிசை நிட், ஓட்டை வரிசை, 16 வரிசை நிட், கண்ணிகளை மூடிவிடுங்கள். மடித்து, வெளிப்பக்கம் உங்களைப் பார்க்க வைத்துக்கொண்டே ஓரங்களை அதே நூலால் தையுங்கள். அகலம் ஏறத்தாழ 8.75 செ.மீ., உயரம் 12.5 செ.மீ. சொச்சம்.

சுற்றாக, தையலே இல்லாமல் பின்ன வேண்டும்.

8 கண்ணி ஏற்றி இருமுனை ஊசிகளில் பிரித்துக்கொள்ளுங்கள், நீண்ட வட்ட ஊசி ஒன்றிலும் செய்யலாம். முதல் சுற்றில் ஒவ்வொரு கண்ணியின் முன்னும் பின்னும் பின்னி 16 ஆக்குங்கள். ஒரு சுற்று சும்மா. அதன்பின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, சம இடைவெளியில் 8 கண்ணி கூட்டிக்கொண்டே போங்கள்: 24, 32, 40, 48, 56. அடி தட்டையான வட்டமாக வரும். 56 வந்ததும் ஒரு சுற்று முழுக்கப் பர்ல், அடிக்கும் உடலுக்கும் நடுவே மடிப்பு விழ அதுதான் உதவும்.

உடலில் 4 சுற்று நிட், பிறகு மணிச் சுற்று. இங்கே மணி வைக்கும் விதம் வேறு. 3 நிட் முடிந்ததும் நூலை முன்னால் கொண்டுவந்து, மணியை ஊசி ஒட்டித் தள்ளி, அடுத்த கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றி, நூலைப் பின்னால் கொண்டுபோய் இழுக்காமல் தொடருங்கள். பின்னாமல் விட்ட கண்ணியின் மார்பில் மணி படுத்த வாக்கில் உட்கார்ந்திருக்கும். இப்படி 4 கண்ணிக்கு ஒன்று, சுற்றுக்கு 14 மணி. 3 சுற்று சும்மா. அடுத்த மணிச் சுற்றை 1 நிட், மணிக் கண்ணி, அப்புறம் (3 நிட், மணிக் கண்ணி) என்று 13 முறை, 2 நிட் என்று ஆரம்பித்தால் மணிகள் முந்தைய சுற்றின் இடைவெளிகளுக்கு நேராக விழும். மொத்தம் 9 மணிச் சுற்று, 126 மணி, உயரம் 8 செ.மீ.

பிறகு 1 செ.மீ. நிட். ஓட்டைச் சுற்று: (2 கண்ணியை ஒன்றாக, நூலை ஒரு சுற்று, 5 நிட்) எட்டு முறை. இன்னும் 2.5 செ.மீ. பின்ன வேண்டும், அதில் கடைசி 6 சுற்றையும் ஒரு சுற்று நிட், ஒரு சுற்று பர்ல் என மாற்றி மாற்றிப் பின்னுங்கள், இல்லையென்றால் வாய் சுருண்டுகொள்ளும்.

நாடா ஓட்டைக்குப் பக்கத்தில் ஏன் மணி வைக்கக் கூடாது?

வாய் மூடாது. இழுக்கும்போது துணி கொசுவம் கொசுவமாக மடிய வேண்டும், நடுவில் கண்ணாடி இருந்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாது, மணியும் மணியும் உரசி உடையும். ஓட்டைக்குக் கீழே குறைந்தது 1 செ.மீ. வெறுமனே விடுங்கள்.

மணி பின்பக்கமாக ஓடிவிடுகிறது.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பின்னல் தளர்வு, அதற்கு ஊசியை ஒரு அளவு குறையுங்கள். மணி நூலுக்குச் சின்னது, கண்ணிகளின் இடுக்கில் நழுவிவிடும். அல்லது நிட் பக்கம் வெளியே தெரிகிற வழவழப்பான பின்னலில் இரண்டு நிட் கண்ணிகளுக்கு நடுவே மணி வைத்திருப்பீர்கள், அந்தப் பின்னலில் கண்ணிகளுக்கு இடையிலான நூல் இயல்பாகவே பின்பக்கம் கிடக்கிறது, மணியும் அங்கேதான் போகும். அந்தப் பின்னலுக்கு மேலே சொன்ன பின்னாமல் மாற்றும் முறையை எடுங்கள்.

பின்னல் துளிகூடத் தெரியாமல் முழுக்க மணியாகவே இருக்கும் பழைய பைகள் எப்படிச் செய்தார்கள்?

ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு மணி. கண்ணியைச் சாதாரணமாகப் பின்னாமல் முறுக்கிப் பின்னுவார்கள், அந்த முறுக்குதான் மணியை முன்பக்கமே பிடித்து வைக்கிறது. இதையே சுற்றாகப் பின்னினால் எல்லா முறுக்கும் ஒரே திசையில் விழுந்து துணி ஒரு பக்கமாகச் சாயும்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் பெண்களின் உடை மெலிந்து, உள்ளே கட்டிக்கொள்ளும் பைகளுக்கு இடமில்லாமல் போனபோது கையில் தொங்கவிடும் சுருக்குப்பைகள் பரவின. அடுத்த நூற்றாண்டில் மணிப் பின்னல் பைகள் உச்சத்துக்குப் போயின, 1920-களில் மறுபடி ஒரு சுற்று வந்தது. அன்றைய மணிகளில் சில 1 மி.மீ.க்கும் சிறியவை. ஒரு ரோஜாப்பூ வர வேண்டுமென்றால் ஒவ்வொரு நிற மணியையும் சரியான வரிசையில் முன்கூட்டியே கோர்த்திருக்க வேண்டும், ஒன்று தப்பினால் பூ கோணும். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை வருகிறது.

நானும் பூவோ எழுத்தோ வர வைக்க முடியுமா?

கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒரு கட்டம் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ப்பது தலைகீழ் வரிசையில்: கடைசியாகப் பின்னப்போகும் மணியை முதலில் கோர்க்க வேண்டும், முதலில் பின்னப்போவது கடைசியில். வரிசை எந்தத் திசையில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தட்டைப் பையில் மணி வரிசைகள் எல்லாமே ஒரே திசையில்தான் போகின்றன, அதனால் அதில் குழப்பம் குறைவு. வெளிப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்த வரிசைகள் இடமிருந்து வலம் போகும், எழுத்து வைக்கிறவர்கள் இதை மறக்காதீர்கள், கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பிவிடும். தட்டைத் துண்டு நடுவில் மடிவதால் ஒரு பக்கத்து எழுத்து தலைகீழாக வரும் என்பதும் நினைவிருக்கட்டும், படத்தை ஒரு பக்கத்தில் மட்டும் வைத்துவிட்டு மறுபக்கத்தை ஒரே நிறத்தில் விடலாம்.

பை நடுவில் உப்பி, சரம் சரமாகத் தொங்குவதற்குக் கண்ணி கூட்ட வேண்டுமா?

வேண்டாம். கண்ணி எண்ணிக்கையைத் தொடாமல், இரண்டு கண்ணிகளுக்கு நடுவே விடும் மணியை மட்டும் கூட்டுங்கள். மேலே ஒன்று, சில வரிசை கழித்து இரண்டு, பிறகு மூன்று, நான்கு, வயிற்றுப் பகுதி தாண்டியதும் அதேபோல் குறைத்துக்கொண்டு வாருங்கள். மணிகள் வளைந்து தோரணமாகத் தொங்கும், பையும் தானாக அகலும். எல்லா இடைவெளியிலும் கூட்டாமல் நாலைந்து கண்ணிக்கு ஒரு இடம் என்று தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் கூட்டினால் பட்டை பட்டையாக விழுந்து இன்னும் நன்றாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி கூடுதலாகவோ தப்பான நிறத்திலோ வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம், அந்த மணியை உடைத்துவிடலாம். குறடால் வெளியிலிருந்து நெரிக்காதீர்கள், கண்ணாடிச் சில்லு நூலை வெட்டும். தடித்த ஊசியையோ கூரான குத்தூசியையோ மணியின் துளைக்குள் விட்டு அழுத்துங்கள், உள்ளிருந்து வெளியே பிளந்து விழும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மணிமேல் ஒரு துணியையும் போர்த்திக்கொண்டு செய்யுங்கள். மணி குறைந்திருந்தால் பை முடிந்த பிறகு அதே இடத்தில் ஒன்றைத் தைத்துவிடலாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நாடா எதில் செய்வது, எப்படிக் கோர்ப்பது?

அதே நூலில் முறுக்குக் கயிறு செய்யலாம். வேண்டிய நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு இரண்டு மூன்று இழை சேர்த்து எடுத்து, ஒரு முனையைக் கதவுப் பிடியில் மாட்டி, அது தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும் அளவுக்கு முறுக்கி, நடுவில் மடித்துவிட்டால் இரண்டும் பின்னிக்கொள்ளும். இன்னும் உருண்டையாக வேண்டுமென்றால் இருமுனை ஊசியில் 3 கண்ணி ஏற்றி, பின்னலைத் திருப்பாமல் ஊசியின் மறுமுனைக்குத் தள்ளித் தள்ளிப் பின்னும் ஐ-கார்ட். முறுக்குக் கயிறு வழுக்கும், ஐ-கார்ட் இழுத்த இடத்தில் பிடித்து நிற்கும்.

ஒரு நாடா போதாது, இரண்டு போடுங்கள், ஒவ்வொன்றும் 40 செ.மீ. எட்டு ஓட்டைகளுக்கும் வரிசையாக எண் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாடா 1-இல் உள்ளே போய் 2-இல் வெளியே, 3-இல் உள்ளே என்று சுற்றி 8-இல் வெளியே வரட்டும், இரு முனையையும் சேர்த்து முடிச்சு. இரண்டாவது 5-இல் உள்ளே போய்ச் சுற்றிவந்து 4-இல் வெளியே. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் வாய் நடுவில் சீராக மூடும். ஒற்றை நாடா என்றால் கொசுவம் முழுக்க ஒரே பக்கம் குவிந்து நிற்கும்.

உள்துணி வைக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம். நாணயமோ சாவியோ போடப்போகிறீர்கள் என்றால் இதில் பேச்சுக்கே இடமில்லை. மெல்லிய பருத்தி அல்லது பட்டுத் துணியில், பையைவிட இரண்டு மூன்று மி.மீ. குட்டையாக ஒரு பை தைத்து உள்ளே விட்டு, நாடா ஓட்டைக்குச் சற்றுக் கீழே உள்பக்கமாகச் சுற்றிலும் தையுங்கள். குட்டையாக இருந்தால்தான் உள்ளே போடும் பொருளின் எடையைத் துணி தாங்கும், பின்னல் மணியை மட்டும் தாங்கினால் போதும். சாவி நுனி கண்ணியில் மாட்டி இழுக்கும் தொல்லையும் இருக்காது.

அடியில் மணிக் குஞ்சம் தொங்கவிடலாமா?

தாராளமாக. அதைப் பின்னல் நூலில் செய்யாமல் மணி கோர்க்கும் நைலான் நூலில் செய்யுங்கள். அடியில் நூலைப் பொருத்தி, 15 அல்லது 20 மணி கோர்த்து, கடைசி மணியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா மணிகளின் வழியாகவும் திரும்பி மேலே வந்து பின்னலில் இரண்டு தையல் போட வேண்டும். ஒவ்வொரு சரத்துக்கும் தனியாக முடிச்சிட்டால் ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும்.

துவைக்கலாமா? நிறம் போகுமா?

மணியைப் பொறுத்தது. கண்ணாடியே நிறமாக இருக்கும் மணிக்கு ஒன்றும் ஆகாது. மேலே சாயம் பூசிய மணிகளும் உலோகப் பூச்சு மணிகளும் தண்ணீரிலும் வியர்வையிலும் வெளுக்கும், ரோஜா, ஊதா நிறங்களில் அது அதிகம். வாங்கியதும் நாலு மணியைச் சோப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டுவையுங்கள், இன்னும் நாலை ஜன்னல் ஓரம் வெயிலில் ஒரு வாரம் வையுங்கள், மீதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோர்ப்பதற்கு முன்பே இது தெரிந்துவிட வேண்டும்.

முடிந்த பையைக் குளிர்ந்த தண்ணீரில் மெல்ல அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி, உள்ளே சுத்தமான துணியைத் திணித்து வடிவம் கொடுத்துப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். தொங்கவிட்டால் ஈரத்தில் மணியின் எடைக்கே நீண்டுவிடும். இஸ்திரிப் பெட்டி மணிப்பக்கம் வரவே கூடாது.